ரொக்கெட் உயரே போனதும் ஜி.பி.எஸ். ஏன் ஊமையாகிறது?

புறக்கோட்டையில் வாங்கிய ஜி.பி.எஸ். மொடியூல் 20 கிலோமீற்றர் உயரத்திலும் ரொக்கெட்டின் இடத்தைச் சொல்லுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

அப்படியே பூட்டினால் சொல்லாமல் போகலாம். ஏவுகணைகளுக்குப் பயன்பட்டுவிடக் கூடாதென்று 18,000 மீற்றர் உயரம், 1,000 நொட் (மணிக்கு சுமார் 1,850 கிலோமீற்றர்) வேகம் என்ற வரம்பு வைக்கப்பட்டது; பல ரிசீவர்களில் அது இன்னும் உண்டு. இரண்டையும் தாண்டினால் மட்டுமே சில ரிசீவர்கள் நிற்கும். சில, ஒன்றைத் தாண்டினாலே வாயை மூடிக்கொள்ளும். யூ-புளொக்ஸ் நிறுவனத்தின் ரிசீவர்களோ தொழிற்சாலை அமைப்பில் 12 கிலோமீற்றரோடு சரி. மின்சாரம் கொடுத்ததும் அதை ‘எயார்போர்ன்’ (வானில் பறப்பதற்கான) முறைக்கு மாற்றுங்கள். பலர் மறப்பது இதைத்தான்.

எஞ்சின் எரியும்போது ஜி.பி.எஸ். தடுமாறினால் பதற வேண்டாம். அந்த நொடிகளை முடுக்கமானி (வேக மாற்றத்தை அளக்கும் கருவி) பார்த்துக்கொள்ளும். ஜி.பி.எஸ். உண்மையில் தேவைப்படுவது பரசூட்டில் இறங்கும்போது.

20 கிலோமீற்றர் உயரத்திலிருந்து வானொலி அலைக்கு அடிவானம் 500 கிலோமீற்றருக்கும் அதிகம். புல்லில் விழுந்த பிறகு சில நூறு மீற்றர்கூடச் சந்தேகம். ஆகவே நொடிக்கொரு முறை இடத்தை அனுப்பச் செய்து, கடைசியாக வந்ததைத் தரையில் உள்ள கருவியில் பதிந்துவையுங்கள்.

இடத்தை வானொலியில் அனுப்ப அமெச்சூர் வானொலி உரிமம் எடுத்த பின், இந்தக் கருவிகளை முதலில் காலிமுகத்திடலில் ஒரு பெரிய பட்டத்தில் கட்டிப் பாருங்கள். ரொக்கெட்டைவிட மலிவு.