மாம்பழ ஜாம், விளாம்பழ ஜாம், அன்னாசிக் கேக்: கேள்வி பதில்

கறுத்தக்கொழும்பான் மாம்பழம் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து இறங்கும் காலம் இது. ஜாம் காய்ச்சுகிறவர்களும் கேக் சுடுகிறவர்களும் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில்.

அக்கா, மாம்பழ ஜாம் மூன்று தரம் செய்துவிட்டேன். பாணில் பூசினால் வழிந்து ஓடுகிறது. ஒரு கிலோ பழத்துக்கு 400 கிராம் சீனி போட்டேன். (வெள்ளவத்தை)

சீனி போதாது, தங்கச்சி. ஆனால் அது பாதிக் காரணம்தான். ஜாமை இறுக வைப்பது பழத்திலுள்ள பெக்டின் என்ற பொருள். மாங்காய் பழுக்கப் பழுக்க அது வலுவிழந்து போகும். நன்றாகக் கனிந்த பழத்தை மட்டும் போட்டால் எவ்வளவு காய்ச்சினாலும் பாகாகத்தான் நிற்கும். 800 கிராம் பழத்தோடு பாதி பழுத்த செங்காய் 200 கிராமைத் துருவிச் சேருங்கள். இந்த ஒரு கிலோவுக்கு 700 கிராம் சீனியும், மூன்று மேசைக்கரண்டி தேசிப்புளியும் வேண்டும். புளிப்பு குறைந்தால் பெக்டின் இறுகாது, அதனால் தேசிக்காயை விட்டுவிடாதீர்கள்.

முதலில் பழத்தை அரைக் கோப்பை தண்ணீருடன் மூடி, 15 நிமிடம் மெல்லிய நெருப்பில் அவியுங்கள். சீனி விழுந்த பிறகு துண்டுகள் மெதுமையாகாது. அவிந்ததும் சீனியையும் புளியையும் போட்டு, அடியில் நறநறப்பு இல்லாமல் கரையும் வரை கிண்டுங்கள். அதற்குப் பிறகுதான் நெருப்பைக் கூட்ட வேண்டும். கரையாத சீனியோடு கொதிக்கவிட்டால் போத்தலில் இரண்டு கிழமையில் கற்கண்டு போலப் படியும்.

பதம் எப்படித் தெரியும்? என்னிடம் தெர்மாமீட்டர் இல்லை. (கொட்டாஞ்சேனை)

சமையல் தராசு இருந்தால் போதும். ஜாமில் கரைந்திருக்கும் இனிப்பும் சத்தும் மொத்த எடையில் 65 வீதத்துக்கு வர வேண்டும். ஒரு கிலோ மாம்பழச் சதைக்குள்ளேயே இப்படிக் கரைந்திருப்பது ஏறக்குறைய 150 கிராம் இருக்கிறது. நீங்கள் போட்ட 700 கிராம் சீனியைக் கூட்டினால் 850. அது 65 வீதமாவது, சட்டியில் உள்ளது 1,300 கிராமுக்கு வற்றும்போதுதான். வெறும் சட்டியை முதலிலேயே நிறுத்து எழுதி வையுங்கள். நுரை சிறு கொப்புளங்களாக இருந்தது மாறிப் பெரிய, சோம்பலான கொப்புளங்கள் வரத் தொடங்கும்போது இறக்கி நிறுத்துப் பாருங்கள். இதைவிட நம்பகமான வழி வீட்டில் இல்லை என்பேன்.

தராசும் இல்லையென்றால், ஒரு சாசரை பிரிட்ஜின் உறைநிலைப் பகுதியில் வைத்து, அதில் அரைத் தேக்கரண்டி ஜாமை விடுங்கள். ஒரு நிமிடம் திரும்ப உள்ளே வைத்து விரலால் தள்ளினால் மேற்பரப்பு சுருங்கி மடிய வேண்டும். சோதிக்கும் அந்த நேரம் அடுப்பை நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் பதம் தாண்டிவிடும்.

தெர்மாமீட்டர் வாங்கினால், கடல் மட்டத்தில் இருக்கும் கொழும்பில் 104 முதல் 105 பாகை. நுவரெலியாவில் தண்ணீரே 94 பாகையளவில் கொதிப்பதால் அங்கே 98, 99 பாகையில் இறக்கிவிட வேண்டும்.

விளாம்பழ ஜாம் ஏன் கறுத்து, கசப்பாக வருகிறது? அலுமினியச் சட்டியில்தான் செய்கிறேன். (தெஹிவளை)

சட்டியை மாற்றுங்கள். இந்தப் புளிப்பு அலுமினியத்தோடு சேர்ந்தால் உலோகச் சுவை வரும். துருப்பிடிக்காத எஃகு நல்லது. சதையைச் சம அளவு தண்ணீரில் 15 நிமிடம் அவித்து, விதையும் நாரும் நிற்க அரிதட்டில் தேயுங்கள். ஒரு கோப்பைக் கூழுக்கு முக்கால் கோப்பை சீனி. விளாம்பழத்தில் பெக்டின் தாராளம், விரைவாக இறுகும். கூடக் காய்ச்சுவதால்தான் கசக்கிறது. மண்ணிறம் அதன் இயல்பான நிறம். கொதிக்கும்போது கையில் தெறிக்கும், நீண்ட பிடியுள்ள அகப்பையால் கிண்டுங்கள்.

போத்தலில் ஒரு மாதத்தில் பூஞ்சணம்.

போத்தலைப் பத்து நிமிடம் கொதிநீரில் போட்டு எடுத்து, சூடாக இருக்கும்போதே சூடான ஜாமை விளிம்புக்கு அரை சென்ரிமீற்றர் கீழ்வரை நிரப்பி உடனே மூடுங்கள். துருப்பிடித்த மூடி வேண்டாம். ஆறிய ஜாமை மூடினால் மூடியின் உட்பக்கம் வியர்த்து, அந்தத் தண்ணீர் மேலே விழும் இடத்தில்தான் பூஞ்சணம் தொடங்கும். திறந்த பின் பிரிட்ஜில் வைத்து, ஈரமில்லாக் கரண்டி பாவியுங்கள். பூஞ்சணம் கண்டால் மேலே மட்டும் வழித்தெடுக்காமல் முழுவதையும் எறிந்துவிடுங்கள்.

அன்னாசியை அடியில் அடுக்கிச் சுடும் கேக் நடுவில் களியாகிறது. (பம்பலப்பிட்டி)

வதக்காத அன்னாசியின் சாறு மாவுக்குள் இறங்குகிறது. ஒரு சென்ரிமீற்றர் தடிப்பில் வெட்டி, இரண்டு மேசைக்கரண்டி சிவப்புச் சீனியுடன் தாச்சியில் எட்டு நிமிடம் வதக்கி, சாறு வற்றியதும் ஆறவைத்து அடுக்குங்கள். 20 சென்ரிமீற்றர் தட்டுக்கு பட்டர் 150 கிராம், சீனி 150 கிராம், முட்டை மூன்று, கோதுமை மா 180 கிராம், பேக்கிங் பவுடர் ஒன்றரைத் தேக்கரண்டி. 170 பாகையில் 40 முதல் 45 நிமிடம்.

பட்டரையும் கவனியுங்கள். நம் குசினியில் 30 பாகைச் சூட்டில் ஒரு மணித்தியாலம் கிடந்த பட்டர் எண்ணெய் மாதிரி பளபளக்கும், எவ்வளவு அடித்தாலும் காற்றைப் பிடிக்காது. பிரிட்ஜிலிருந்து எடுத்து பத்து, பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், விரல் பளபளக்கக் கூடாது.

ஜாம் டார்ட் சுடும்போது ஜாம் பொங்கி வழிந்து எரிகிறது.

அளவு கூடிவிட்டது. குழியில் பாதிக்குமேல் வேண்டாம், ஒரு தேக்கரண்டி போதும். இளகிய ஜாமாக இருந்தால் சிறு சட்டியில் இரண்டு நிமிடம் வற்றவைத்து ஆறிய பின் விடுங்கள்.