13 என்னும் கோடு

அன்புள்ள ஐயா,

"வியாழனைப் போல 13 மடங்குக்கு மேல் நிறை இருந்தால் பழுப்புக் குள்ளன், குறைந்தால் கோள்" என்று போட்டித் தேர்வுக் குறிப்பில் படித்தேன். பழுப்புக் குள்ளன் என்றால் நட்சத்திரமாக முடியாமல் போன வாயு உருண்டையாம். வேறொரு இடத்தில், பிறந்த விதத்தை வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். எந்த நட்சத்திரத்தையும் சுற்றாமல் தனியே அலையும் 10 மடங்கு உருண்டையை என்னவென்று சொல்வது? விஞ்ஞானிகளுக்கே தெரியாவிட்டால் அப்புறம் என்ன அறிவியல்? அது பூமி மேல் மோதுமா?

செ., மேலூர்

அன்புள்ள தம்பி,

மோதுமா என்ற கவலையை விடுங்கள். "அப்புறம் என்ன அறிவியல்" என்று எழுதினீர்களே, அதற்குத்தான் உங்களை மாட்டுத்தாவணியில் நிற்கவைத்துத் திட்ட வேண்டும். தேர்வுக் குறிப்பு ஒரு வரியில் முடிந்துவிடும், வானம் முடியாது.

அந்த 13, உள்ளே டியூட்டீரியம் என்னும் கனமான வகை ஹைட்ரஜன் எரிய, அதாவது அணுக்கருக்கள் இணைந்து ஆற்றல் தர, தேவையான நிறை. உருண்டையில் ஹீலியமும் கனமான தனிமங்களும் எவ்வளவு என்பதைப் பொறுத்து அது 11-லிருந்து 16 வரை நகரும். டியூட்டீரியம் இருப்பதே கொஞ்சம். அது தீர்ந்தபின் 12 மடங்கும் 14 மடங்கும் ஒரே மாதிரி ஆறிக்கொண்டு கிடக்கும். நட்சத்திரம்போலச் சாதாரண ஹைட்ரஜன் நிலையாக எரிய 75, 80 மடங்கு வேண்டும், அது வேறு கதை. 2003-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் குழு வேலைக்கு ஆகட்டும் என்று இந்தக் கோட்டை வைத்துக்கொண்டது. இளம் நட்சத்திரக் கூட்டங்களில் தனியே மிதக்கும் சின்னதுகளைக் கோள் என்று சொல்லாதீர்கள், துணைப் பழுப்புக் குள்ளன் என்று சொல்லுங்கள் என்றதும் அதே குழுதான். பலரும் கேட்கவில்லை.

சரி, உங்கள் 10 மடங்கை யார் நிறுத்துப் பார்த்தார்கள்? வியாழனுக்கு நிலாக்கள் உண்டு, அவை சுற்றும் வேகத்தில் கணக்குப் போடலாம். தனியாக அலைவதைச் சுற்றி ஒன்றுமில்லை என்றால் அதன் வெளிச்சத்தையும் வயதையும் வைத்து ஊகிக்க வேண்டியதுதான். இளசாக இருந்தால் நிறை குறைவானதுகூடச் சூடாகத் தெரியும், கிழடானால் கனமானதுகூட மங்கிவிடும். வயது தெரியாவிட்டால் நிறையும் தெரியாது. 2014-ல் வானியலாளர் கெவின் லூமன் அறிவித்த வைஸ் 0855 என்ற தனி உருண்டை, நம்மிடமிருந்து ஏழு ஒளியாண்டு சொச்சம்தான், மதுரையின் மார்கழி விடியலைவிடக் குளிர்ந்தது, அதற்கே 3 முதல் 10 மடங்கு வரை என்றுதான் சொல்கிறார்கள். கோட்டைப் பற்றிச் சண்டை போடுமுன் தராசைப் பற்றிக் கேட்க வேண்டாமா?

பிறப்புக்கு வருவோம். நான் கல்லூரிக்குப் போன காலத்தில் மேலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பெரியவர் "தம்பிக்கு எந்த ஊரு" என்று தொடங்கி, "அங்க யாரு வீடு" என்று போய், தெருவையும் கேட்டுவிட்டு, என் பதில் பிடிக்காமல் ஒத்தக்கடையில் எழுந்து பின்சீட்டுக்குப் போய்விட்டார். அதிலிருந்து பிறப்பை விசாரிக்கிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது, இன்றும் யாராவது ஊர் கேட்டால் மதுரை என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிவிடுவேன். ஆனால் வானியலாளர் கேட்பது ஒதுக்கிவைக்க அல்ல. வாயுமேகம் தானே சுருங்கி எவ்வளவு சின்ன உருண்டை வரை செய்யும், எந்த நிறைக்குக் கீழே இருந்தால் அது கோளாகப் பிறந்து நட்சத்திரக் குடும்பத்திலிருந்து வெளியே வீசப்பட்டதுதான் என்று சொல்லலாம், இதுதான் அவர்கள் கேள்வி. சிக்கல் என்னவென்றால் இந்த இரண்டு வழியில் வந்தவையும் ஒரே நிறையில் இருக்கலாம். பச்சோந்தி விண்மீன் குழுவில் 5 முதல் 10 மடங்கு நிறையுள்ள ஒரு தனியன், 2025-ல் நொடிக்கு 600 கோடி டன் வாயுவையும் தூசியையும் விழுங்கிக்கொண்டிருந்தது. இளம் நட்சத்திரங்கள் செய்கிற வேலை அது. நிறையைப் பார்த்தால் கோள்.

குறிப்பில் உள்ளதைத் தேர்வில் எழுதி மார்க் வாங்கிக்கொள்ளுங்கள்.