என் வாடிக்கையாளர் யார் என்று எக்ஸ்சேஞ்ச் கேட்கலாமா?

கேள்வி: திருமங்கலத்தில் வீட்டிலிருந்தே, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வீடியோ கேம் டிசைன் செய்து தருகிறேன். இரண்டு வருஷமாகச் சம்பளம் யூ.எஸ்.டி.டி. என்ற டாலர் மதிப்புள்ள கிரிப்டோ காசாக என் வாலட்டுக்கு (டிஜிட்டல் பணப்பைக்கு) வருகிறது. கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சில், ஆளுக்கு ஆள் நேரடியாக விற்கும் பி-டூ-பி முறையில் விற்று ரூபாயாக்கிக்கொள்வேன். போன மாதம் என்னிடம் வாங்கிய ஒருவர் அனுப்பிய 38,000 ரூபாய் ஏதோ மோசடிப் பணமாம். வேறு மாநில சைபர் கிரைம் போலீஸ் சொல்லி, வங்கி என் கணக்கையே முடக்கிவிட்டது. இப்போது எக்ஸ்சேஞ்சும் வாடிக்கையாளர் ஒப்பந்தம், பில்கள், வாலட் விவரம் எல்லாம் கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறது. ஆனால் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்று அந்த நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். கொடுத்துத்தான் ஆக வேண்டுமா? கணக்கை மூடி, ஆதார் நகலை அழிக்கச் சொல்லலாமா? "இனிமே மிக்சர்ல போட்டு எடுத்துரு, ஒருத்தனுக்கும் தெரியாது" என்கிறான் நண்பன்.

பதில்: நண்பரின் யோசனையை முதலில் தள்ளி வையுங்கள். ஏன் என்று புரிய, நம் பக்கத்து மொய் நோட்டை நினைத்துப் பாருங்கள். யார் வீட்டு விசேஷத்துக்கு எந்த ஊர்க்காரர் எவ்வளவு செய்தார் என்று அதில் இருக்கும். கிரிப்டோ பரிவர்த்தனைகள் பதிவாகும் பிளாக்செயினும் அப்படியொரு நோட்டுதான். ஊரே புரட்டிப் பார்க்கலாம், எழுதியதை அடிக்க முடியாது, பெயருக்குப் பதில் வாலட் முகவரி என்ற பட்டப்பெயர் இருக்கும். இன்ன பட்டப்பெயர் இன்னாருடையது என்று ஒரு தடவை தெரிந்துவிட்டால் போதும். நீங்கள் செய்த மொய், உங்களுக்கு வந்த மொய் அத்தனையும் வெளிச்சம். உங்கள் பட்டப்பெயரையும் ஆதாரையும் சேர்த்து வைத்திருப்பது எக்ஸ்சேஞ்ச். அங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும்.

மிக்சர் என்பது பலருடைய காசை ஒரே பானையில் கொட்டிக் கலக்கித் திருப்பித் தருவது. டொர்னேடோ கேஷ் என்ற மிக்சருக்கு அமெரிக்கா 2022 ஆகஸ்டில் தடை போட்டது, 2025 மார்ச்சில் எடுத்தது. அந்த விவாதம் அவர்களுக்கு. நீங்கள் மோசடிப் பணம் தொட்ட கணக்கோடு நிற்கிறீர்கள். நேர்மையாகச் சம்பாதித்த காசையும் இந்த நேரத்தில் பானையில் போட்டால், 'மறைத்தார்' என்று சொல்ல வழி செய்து கொடுத்தவராவீர்கள். பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் 3-வது பிரிவில் குற்றத்தில் வந்த பணத்தை மறைப்பதும் ஒரு குற்றம். அந்தரங்கம் வேண்டுமென்றால் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி வாலட் முகவரி வைத்துக்கொள்ளுங்கள். அதில் தப்பே இல்லை.

அடுத்தது, எக்ஸ்சேஞ்ச் கேட்கலாமா என்பது. கேட்கலாம். 2023 மார்ச் 7 அன்று வந்த மத்திய நிதியமைச்சக அறிவிக்கையால், கிரிப்டோ எக்ஸ்சேஞ்சுகளும் பணமோசடித் தடுப்புச் சட்டத்துக்குள் வந்துவிட்டன. வங்கி எப்படி ஆளைத் தெரிந்துகொண்டு, சந்தேகம் வந்தால் நிதிப் புலனாய்வுப் பிரிவுக்கு அறிக்கை அனுப்ப வேண்டுமோ, அப்படியே இவர்களும். அனுப்பியதை உங்களிடம் சொல்லவும் கூடாது. அதனால் "ரிப்போர்ட் போட்டீங்களா?" என்று கஸ்டமர் கேரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

ஆனால் கேட்கலாம் என்பதற்காக எல்லாவற்றையும் அள்ளிக் கொட்ட வேண்டியதில்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் சொன்ன தீர்ப்பிலேயே, அதில் கை வைக்கச் சட்டம் வேண்டும், நியாயமான காரணம் வேண்டும், அளவும் மீறக்கூடாது என்று இருக்கிறது. இந்த அளவைத்தான் நீங்கள் பிடித்துக்கொள்ள வேண்டும். பணம் யாரிடமிருந்து, எவ்வளவு, எதற்காக வந்தது என்பது அவர்களுக்குத் தேவை. நீங்கள் வரைந்த டிசைன் தேவையில்லை. பில்கள், ஒப்பந்தத்தின் முதல் பக்கம், கையெழுத்துப் பக்கம், சம்பளம் வந்த பரிவர்த்தனை எண்கள், இவற்றை மட்டும் கொடுங்கள். மற்றதைக் கருப்படித்து, கருப்படித்திருக்கிறேன் என்று நீங்களே எழுதுங்கள். கூடுதலாக வேண்டுமென்றால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் கேளுங்கள். வாலட்டின் 12 அல்லது 24 ரகசியச் சொற்களை எந்த எக்ஸ்சேஞ்சும் கேட்காது. கேட்டால் அது திருட்டு மெயில். ரகசிய ஒப்பந்தத்தையும் ஒருமுறை எடுத்துப் படியுங்கள். 'சட்டப்படி கேட்டால் தவிர' என்ற வரி பெரும்பாலும் இருக்கும். இல்லாவிட்டாலும், சட்டம் கேட்பதைக் கொடுக்காதே என்று கட்டிப்போடும் நிபந்தனை ஒப்பந்தச் சட்டத்தின் 23-வது பிரிவுக்கு முன் நிற்காது.

ஆதாரை அழிக்கச் சொல்வது இப்போதைக்கு நடக்காது. கணக்கை மூடிய பிறகும் அடையாள ஆவணங்களை ஐந்து வருஷம் வைத்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. 2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அழிக்கக் கேட்கும் உரிமை தருகிறது. வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் அந்த உரிமை காத்திருக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் வேறு.

இனி நீங்கள் கேட்காத ஒன்று. தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது இதுதான். அந்தப் பில்களை நீட்டும் நிமிஷம், வெளிநாட்டு வேலைக்குக் கிரிப்டோவில் கூலி வாங்கினேன் என்று நீங்களே எழுத்தில் ஒப்புக்கொள்கிறீர்கள். கைக்கு வந்த அன்றைய மதிப்பு உங்கள் தொழில் வருமானம். விற்கும்போது அதற்கு மேல் கிடைத்த லாபத்துக்கு 30 சதவீத வரி தனி. நஷ்டத்தை எதிலும் கழிக்க முடியாது. விற்பனையில் முன்கூட்டியே வரியாகப் பிடித்த ஒரு சதவீத டி.டி.எஸ். ஏற்கனவே வருமான வரித் துறைக்குத் தெரியும். ரிட்டர்னில் இது இல்லையென்றால், மெயிலுக்குப் பதில் போடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். கூடுதல் வரி கட்டிப் புதுப்பித்த ரிட்டர்ன் போட வழி இருக்கிறது. ஏற்றுமதிப் பணம் வங்கி வழியாக வர வேண்டும் என்கிற அந்நியச் செலாவணிச் சட்டமும் குறுக்கே நிற்கிறது. அடுத்த மாதச் சம்பளத்தையாவது வங்கிக்கே அனுப்பச் சொல்லுங்கள்.

முடக்கப்பட்ட கணக்குக்கு வருவோம். புகார் எண், விசாரணை அதிகாரி, தகராறில் உள்ள தொகை மூன்றையும் வங்கி மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள். 38,000-க்காக மொத்தக் கணக்கையும் பூட்ட வேண்டியதில்லை. தொகையைச் சொல்லாமல் முழுக் கணக்கையும் முடக்குவதை 2024-ல் சென்னை உயர் நீதிமன்றமே ஏற்கவில்லை. முடக்கியதை போலீஸ் உடனே மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்திருக்க வேண்டும் என்கிறது புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ்.-ஸின் 106-வது பிரிவு. பி-டூ-பி ஆர்டர் விவரம், சாட், நீங்கள் காயினை விடுவித்த நேரம் மூன்றையும் சேர்த்து அந்த அதிகாரிக்கு மெயில் போடுங்கள், பதிவுத் தபாலிலும் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ரிட் மனு போடுவது பற்றிப் பேசலாம்.

வாட்ஸ்அப் வீடியோ காலில் யாராவது காக்கிச் சட்டையோடு வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் அது மோசடி; வைத்துவிட்டு, சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குக் கூப்பிடுங்கள். உண்மையான நோட்டீஸ் எழுத்தில் வரும். வந்தால் தனியாகக் கிளம்பிப் போகாமல், ஒத்தக்கடையில் உங்களுக்குத் தெரிந்த ஒரு வக்கீலிடம் முதலில் காட்டுங்கள்.