நடுக்கடலுக்கு மேலே விமானத்தில் மொத்த கரண்டும் போனால்? கேள்வி பதில்

கேள்வி: எல்லா ஜெனரேட்டரும் போய்விட்டால் என்ஜினும் நின்றுவிடுமா?

நிற்காது. இன்றைய ஜெட் என்ஜின்களின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்குக் கரண்ட் கொடுக்க, என்ஜினோடு சேர்ந்து சுழலும் ஒரு சின்ன ஆல்டர்னேட்டர் தனியாக உண்டு. டேங்க் பம்புகள் நின்றாலும் என்ஜினில் உள்ள பம்பே எரிபொருளை இழுத்துக்கொள்ளும். அதிக உயரத்தில் மட்டும் அந்த இழுப்பு தடுமாறலாம். அப்போது கொஞ்சம் கீழே இறங்க வேண்டும்.

கேள்வி: அப்புறம் கரண்ட் எங்கிருந்து வரும்?

பல விமானங்களில் 'ராட்' என்ற சிறிய காற்றாடி தானாகவே வெளியே வரும். எதிர்க்காற்றில் சுழன்று, முக்கியக் கருவிகளுக்கும் ஒரு ரேடியோவுக்கும் போதுமான மின்சாரம் தரும். 2001 ஆகஸ்ட் 24 அன்று அட்லாண்டிக்கின் மேல் ஏர் டிரான்சாட் நிறுவனத்தின் ஏ330 விமானம் எரிபொருள் கசிந்து இரண்டு என்ஜினையும் இழந்தது. 306 பேரோடு சறுக்கியபடியே அசோர்ஸ் தீவில் இறங்கியது. அதற்கு உயிர் கொடுத்தது இந்தக் காற்றாடிதான்.

கேள்வி: போயிங் 747-400க்கு நான்கு ஜெனரேட்டர். அதற்கு இந்தப் பயமே வேண்டாமே?

வேண்டும். 2008 ஜனவரியில் பாங்காக்கை நெருங்கிய குவான்டாஸ் நிறுவனத்தின் 747-400 விமானத்தில் சமையல் பகுதியின் வடிகால் நிரம்பி வழிந்தது. கீழே மின்பெட்டிகளைக் காக்கும் தடுப்பில் விரிசல். தண்ணீர் அதன் வழியே ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டிகளில் இறங்கியது. நான்கு தனித்தனி ஜெனரேட்டர்கள், ஆனால் பெட்டிகள் இருந்தது ஒரே இடத்தில்.

கேள்வி: மூன்றுதானே போனது? நான்காவது ஓடியதே!

ஓடியது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பேட்டரி சார்ஜரே செத்துப்போய், முக்கியக் கருவிகள் பேட்டரியை நம்பித்தான் இருந்தன. அந்த விமானத்துக்கு ராட் கிடையாது. பேட்டரி தாங்குவது அரை மணி நேரம் போல. பக்கத்தில் ஓடுதளம் இருந்ததால் பத்திரமாக இறங்கினார்கள். இதையே கரையிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில் வைத்துக் கணக்குப் போடுங்கள். எண்ணிக்கையை நம்பாதீர்கள், எது எதன் மேல் இருக்கிறது என்று பாருங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

கேள்வி: ட்ரிப் ஆன பிரேக்கரை (கோளாறு வந்தால் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) அழுத்திப் பார்க்கலாமா?

கையேடு சொன்னால் மட்டும், ஒரே ஒரு தடவை. மறுபடி விழுந்தால் கையை எடுத்துவிடுங்கள். வயர் எரியும், நடுக்கடலில் தீ வேண்டாம்.

கேள்வி: கரண்ட் போனால் என்ஜின் நிற்குமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: யாரிடம் உதவி கேட்பது?

121.5 மெகாஹெர்ட்ஸ் என்ற அவசர ரேடியோ அலைவரிசையில் பேசினால் அக்கம்பக்கத்து விமானங்கள் கேட்கும். கரைக்குச் செய்தியை அவர்கள் கடத்துவார்கள்.

கேள்வி: வேறு பிரேக்கர்களையும் அழுத்தினால்...

அழுத்தாதீர்கள்.