பதில்: அப்பாவுக்குப் பன்றி இதயம் பொருத்த முடியுமா?

கடலூர் முதுநகர் நண்பருக்கு வணக்கம். அப்பாவின் இதயம் 20 சதவீதம்தான் பம்ப் செய்கிறது, பன்றி இதயம் வைக்க நிலத்தை விற்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து விற்காதீர்கள்.

அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் 2022 ஜனவரியில் டேவிட் பென்னட் என்பவருக்கு அப்படி ஓர் இதயத்தைப் பொருத்தினார்கள். பன்றியின் 4 மரபணுக்களை முடக்கி, மனித மரபணுக்கள் 6 சேர்த்தது. முடக்கியதில் ஒன்று வளர்ச்சி சம்பந்தப்பட்டது. உள்ளே போனபின் இதயம் பெருத்துவிடக் கூடாதே! இரண்டு மாதம் உயிரோடு இருந்தார். பன்றிக்கு வரும் வைரஸ் ஒன்று அந்த இதயத்தில் இருந்தது பிறகுதான் தெரிந்தது. 2023 செப்டம்பரில் இரண்டாமவருக்குச் செய்தார்கள், ஆறு வாரம் இருந்தார். இருவருக்கும் வேறு வழியே இல்லாததால் தனி அனுமதி வாங்கிச் செய்தது. பணம் கட்டினால் கிடைக்கும் சிகிச்சை அல்ல. (பன்றித் திசுவில் செய்த இதய வால்வைப் பொருத்துவது வேறு விஷயம், அது பல வருடமாக நடக்கிறது.)

சரி, இப்போது என்ன செய்யலாம்? எக்கோ ரிப்போர்ட், மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு புதுச்சேரி ஜிப்மர் இதயப் பிரிவில் காட்டுங்கள். மனித இதய மாற்றுக்கு அப்பா தகுதியா என்று நேராகவே கேளுங்கள். தகுதி என்றால் மாற்று அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனை வழியாக தமிழக அரசின் உறுப்பு மாற்று ஆணையமான டிரான்ஸ்டானின் காத்திருப்போர் பட்டியலில் பதியலாம்.

அதுவரை கருவாடு, ஊறுகாய், அப்பளம் வேண்டாம். நம்மூரில் கஷ்டம்தான், ஆனால் உப்பு உடம்பில் நீரைத் தேக்கும். தினமும் காலையில் சிறுநீர் கழித்ததும், சாப்பிடும் முன் எடை பாருங்கள். இரண்டு மூன்று நாளில் 2 கிலோ ஏறினாலோ, படுத்தால் மூச்சு முட்டினாலோ உடனே டாக்டரிடம் போங்கள். நீர் மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம்.