சம்பளம் இல்லாத டிஸ்மிஸ்

சார்,

ரெடிட்னு ஒரு அமெரிக்க வெப்சைட்ல, ஒரு பெரிய சப்ரெடிட்டுக்கு (ஒரே விஷயத்தப் பத்தி பேசற குழு) மாடரேட்டரா, அதாவது பதிவுகள மேற்பார்வை பாக்கறவனா இருக்கேன். ஆபீஸ் முடிஞ்சு வந்து ஸ்பாமையும் கெட்ட வார்த்தையையும் அழிச்சிட்டே இருக்கேன். "உங்களுக்கு எவ்ளோ குடுக்கறாங்க"ன்னு மனைவி கேட்டா. சேவைன்னு சொன்னேன், சிரிக்கிறா. விட்டுடவா? ஏஐ வந்தா இதெல்லாம் அது பாத்துக்குமா?

மதுரையிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

ஏஐ கேள்விய விடுங்க, அதுக்கு பதில் சொல்ல ஊர்பூரா ஆள் இருக்கு. நான் கொஞ்ச நாளா மனசுல போட்டு உருட்டிட்டு இருந்தத உங்க வீட்டம்மா ஒரே வரில கேட்டுட்டாங்க. அவங்க கிட்ட போயி சேவைன்னு சொன்னீங்க பாருங்க, அங்கதான் எனக்கு கோவம் வருது.

பங்குனி உத்திரத்துக்கு எங்க ஊர் கோயில்ல பந்தி பரிமாறியிருக்கேன், சாம்பார் வாளி தூக்கி தோள்பட்டை கழண்டுரும், ஒரு பைசா கேட்டதில்ல, ஏன்னா அங்க சாப்பிட்டவன் யாரும் பில் கட்டல. உங்க கதை அப்படியா? 2024 மார்ச்ல ரெடிட் பங்குச்சந்தைக்கு வந்தப்போ அவங்க குடுத்த பேப்பர்லயே இருக்கு, சிஇஓ ஸ்டீவ் ஹஃப்மனுக்கு 2023ல சம்பளமெல்லாம் சேத்து 19.3 கோடி டாலர், பெரும்பாலும் பங்கும் ஆப்ஷனும்தான், சரி இருக்கட்டும். மாடரேட்டருக்கு என்ன? பங்கு 34 டாலர்னு சொந்தக் காசு போட்டு வாங்கிக்க ஒரு சான்ஸ், அதுவும் அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு மட்டும். மதுரைக்காரருக்கு அதுவும் இல்ல.

காசு கூட எனக்கு ரெண்டாம்பட்சம்ங்க. 2023ல ஏபிஐக்கு, அதாவது வெளி ஆப்கள் ரெடிட்டோட டேட்டாவ எடுத்துக்கற வழிக்கு, விலை வெச்சாங்க. ரெடிட் படிக்க வெளி ஆள் செஞ்ச அப்போலோங்கற ஆப் கடைய மூடுறேன்னு சொல்லிருச்சு, ஜூன்ல ஆயிரக்கணக்கான சப்ரெடிட்ட மாடரேட்டருங்க எதிர்ப்பு காட்டி பூட்டிட்டாங்க. உடனே கம்பெனி, திறக்கலன்னா உங்கள எடுத்துட்டு வேற ஆள போடுவோம்னு மெசேஜ் அனுப்புச்சு, சில எடத்துல எடுக்கவும் செஞ்சாங்க. வாலண்டியர எப்படிங்க வேலைய விட்டு தூக்குறது? தூக்க முடியும்னா அது வேலைதானே? அப்போ சம்பளம் எங்க? மாசம் பூரா வாலண்டியர், சொன்ன பேச்சு கேக்கலன்னா மட்டும் ஸ்டாஃப். நல்லாருக்குல்ல?

இது புதுசும் இல்ல. 90கள்ல ஏஓஎல்னு ஒரு அமெரிக்க இன்டர்நெட் கம்பெனி தன்னோட சாட் ரூம் பாத்துக்க ஆயிரக்கணக்கான பேர சம்பளமில்லாம வெச்சிருந்துச்சு. இன்டர்நெட்டுக்கு மணிக்கணக்குல காசு புடுங்கின காலத்துல அவங்களுக்கு ஃப்ரீ அக்கவுண்ட் பெரிய விஷயம். 1996 கடைசில மாசம் 19.95 டாலருக்கு எவ்ளோ நேரம் வேணும்னாலும்னு மாத்தினதும் அந்த சலுகைக்கு மதிப்பே போச்சு, வேலை மட்டும் அப்படியே, வாரத்துக்கு இத்தன மணி நேரம், ட்ரெய்னிங், ரிப்போர்ட்னு. 1999ல அந்த வாலண்டியருங்கள்ல சிலர் ஏஓஎல் மேல சம்பளம் கேட்டு கேஸ் போட்டாங்க. லாபத்துக்கு நடக்கற தனியார் கம்பெனிக்கு யாரும் வாலண்டியரா வேலை செய்யக் கூடாதுன்னு அமெரிக்க தொழிலாளர் சட்டம் இருக்கு. பத்து வருஷத்துக்கு மேல இழுத்து கடைசில 1.5 கோடி டாலருக்கு சமரசம் பண்ணிட்டாங்க, அதனால அது வேலையா சேவையான்னு அந்தக் கேஸ்ல தீர்ப்பே வரல. ரெடிட்காரங்க தைரியமா மெசேஜ் அனுப்புறாங்கன்னா சும்மாவா.

விடறதும் இருக்கறதும் உங்க இஷ்டம், நீங்க போனா அந்த எடம் நாறிரும்னும் எனக்குத் தெரியும். ஆனா கம்பெனி இதுவரைக்கும் அனுப்புன மெசேஜ் ஒண்ணு விடாம ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கங்க, டெலிட் பண்ணித் தொலைக்காதீங்க.