ஓய்வு நேரத்துக்கு எந்த இணையதளங்கள்?

பணி ஓய்வு பெற்ற ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “மாலையில் எனக்கென்று இரண்டு மணி நேரம் கிடைக்கிறது. போனை எடுத்தால் குட்டிக் குட்டி வீடியோக்களிலேயே அது கரைந்துவிடுகிறது. கடைசியில் என்ன பார்த்தேன் என்பதுகூட நினைவில் நிற்பதில்லை. பறவைகள், வாசிப்பு, படம் வரைவது, செஸ் எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் ஆர்வம் இருந்தது. காசு கேட்காத, நம்பிப் போகக்கூடிய, பொழுதும் போகிற தளங்களைச் சொல்லுங்கள்.”

உங்கள் ஆர்வங்களைச் சொல்லிக் கேட்டது நல்லதாகப் போயிற்று. பொதுவாக ‘சிறந்த நூறு தளங்கள்’ என்று வரும் பட்டியல்களை யாரும் பத்தாவதைத் தாண்டிப் படிப்பதில்லை. நான் ஒரு தளத்தைப் பார்க்கும்போது ஒன்றைத்தான் கவனிப்பேன்: நம் கண்ணுக்கோ காதுக்கோ கைக்கோ அது ஏதாவது வேலை கொடுக்கிறதா? வீடியோ ஓடைக்கு முடிவே கிடையாது, ஒன்று முடிவதற்குள் அடுத்தது வந்து நிற்கும். கீழே சொல்பவற்றில் ஒரு பறவை, ஓர் அத்தியாயம், ஒரு புதிர் என்று நிறுத்த ஓர் இடம் இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பல்கலைக்கழகங்களும் தன்னார்வலர்களும் லாப நோக்கில்லாத அமைப்புகளும் நடத்துகிறார்கள். விளம்பரத்துக்காக நம்மைப் பிடித்துவைக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு இல்லை.

பறவைகளிலிருந்து தொடங்குகிறேன். கார்னெல் பல்கலைக்கழகத்தின் பறவையியல் ஆய்வகம் மெர்லின், ஈபேர்ட் என்ற இரண்டை இலவசமாகத் தருகிறது. மெர்லின் போனில் போட்டுக்கொள்ளும் ஆப். எங்கே பார்த்தீர்கள், எந்தத் தேதி, எவ்வளவு பெரியது, என்ன நிறம், என்ன செய்துகொண்டிருந்தது என்று கேட்டுவிட்டு, என்ன பறவையாக இருக்கலாம் என்று சில பெயர்களைப் படத்தோடு காட்டும். பறவை கண்ணில் படாமல் குரல் மட்டும் கேட்டால் ஒலியைக் கேட்டுச் சொல்லும் வசதியும் உண்டு. ஆனால் அது சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். சத்தமான இடத்தில் தவறாகவும் சொல்லும். பெயர் தெரிந்த பிறகு அந்தப் பறவையைக் கண்ணால் தேடிப் பார்த்து உறுதி செய்வதில்தான் ருசியே இருக்கிறது.

ஈபேர்ட் 2002-இல் தொடங்கியது. பார்த்த பறவைகளின் பட்டியலை அதில் பதிவு செய்யலாம். “நீங்கள் அடையாளம் கண்ட எல்லாப் பறவைகளையும் எழுதிவிட்டீர்களா?” என்று கடைசியில் ஒரு கேள்வி வரும். அதை அசட்டையாகக் கடந்துவிடாதீர்கள். அரிய பறவையை மட்டும் எழுதிவிட்டுத் தினமும் பார்ப்பவற்றை விட்டுவிட்டால், அவை அங்கே இருந்தனவா இல்லையா என்று ஆய்வாளர்களுக்குத் தெரியாது. முழுப் பட்டியல் கொடுத்தால்தான் எது குறைகிறது, எது இடம் மாறுகிறது என்று அவர்களால் கணிக்க முடியும். ஜன்னலோரம் கால்மணி நேரம் உட்கார்ந்து எழுதிய சாதாரணப் பட்டியலும் அவர்களுக்குப் பயன்படும்.

செடி, பூச்சி, காளான் என்று விரிந்தால் ஐநேச்சுரலிஸ்ட். போட்டோவை ஏற்றினால் கணினி ஒரு பெயரை ஊகிக்கும், பிறகு விவரம் தெரிந்த மனிதர்கள் வந்து திருத்துவார்கள். முகம் தெரியாத ஒருவர் உங்கள் பூச்சிக்குப் பெயர் சொல்லிவிட்டுப் போகும் அந்த அன்பு எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில் எடுத்த படமாக இருந்தால் இடத்தைத் துல்லியமாகக் காட்டாமல் மறைக்கும் வசதியைக் கட்டாயம் பயன்படுத்துங்கள். இன்னொன்று: அங்கே சொன்ன பெயரை நம்பி எந்தக் காளானையும் இலையையும் வாயில் வைக்கக் கூடாது.

வாசிப்புக்கு வருவோம். ப்ராஜெக்ட் குட்டன்பெர்க்கை 1971-இல் மைக்கேல் ஹார்ட் தொடங்கினார். இன்று 70,000-க்கும் மேற்பட்ட நூல்கள் அங்கே இருக்கின்றன. பெரும்பாலானவை அமெரிக்கச் சட்டப்படி காப்புரிமைக் காலம் முடிந்தவை. தமிழ் இலக்கியத்துக்கு 1998 முதல் தன்னார்வலர்கள் வளர்த்துவரும் மதுரைத் திட்டம் இருக்கிறது. சங்க இலக்கியம் தொடங்கி நிறைய நூல்களை இறக்கிக்கொள்ளலாம். கண் சோர்ந்துவிட்டால் லிப்ரிவாக்ஸ்: பழைய நூல்களைத் தன்னார்வலர்கள் வாசித்துப் பதிவு செய்த ஒலிப்புத்தகங்கள். ஒரே நூலை அத்தியாயத்துக்கு ஒருவராக வாசித்திருப்பதும் உண்டு. குரல் மாறிக்கொண்டே இருந்தால் கதையில் மனம் ஒட்டாது. தேடும்போது ஒரே ஆள் முழுதும் வாசித்த பதிவாகத் தேர்ந்தெடுங்கள்.

படம் வரைய எனக்குத் தெரிந்து டிராபாக்ஸ் போல அடிப்படையைப் பொறுமையாகச் சொல்லித்தரும் இலவசத் தளம் குறைவு. பெயர் ஒரேபோல ஒலிக்கிறதே என்று கோப்பு சேமிக்கும் தளத்துக்குப் போய்விடாதீர்கள், இது ‘டிரா எ பாக்ஸ்’. கோடு, நீள்வட்டம், பெட்டி என்று படிப்படியாகப் போகும். 250 பெட்டிகள் வரையச் சொல்லும் ஒரு பயிற்சி உண்டு, பலர் அங்கேதான் நின்றுவிடுகிறார்கள். அந்தத் தளமே ஒரு விதி வைத்திருக்கிறது: வரையும் நேரத்தில் பாதியாவது பயிற்சியாக இல்லாமல், மனம்போல வரைவதற்கு. தொடங்குபவர்கள் முதலில் கைவிடுவது இதைத்தான். தயவுசெய்து கைவிடாதீர்கள். இந்தப் பாதி இல்லாவிட்டால் மீதிப் பாதியும் சீக்கிரம் நின்றுபோகும்.

செஸ்ஸுக்கு யோசிக்கவே வேண்டாம், லிசெஸ். 2010-இல் தொடங்கியது, விளம்பரம் இல்லை, கட்டணம் இல்லை. கணக்கு தொடங்காமலே கணினியோடு விளையாடலாம். நீண்ட நாள் இடைவெளி இருப்பதால் நேரடியாக ஆட்டத்தில் இறங்காமல் புதிர்களில் தொடங்குங்கள். அவை உண்மையாக நடந்த ஆட்டங்களிலிருந்து எடுத்தவை, உங்கள் தரத்துக்கு ஏற்பக் கடினமாகிக்கொண்டே போகும். மூன்று நிமிட ஆட்டங்களைக் கொஞ்ச நாள் தொடாதீர்கள். தோற்ற கோபத்தில் இன்னொன்று, இன்னொன்று என்று வீடியோ பார்த்த கதையாகவே ஆகிவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வானத்துக்கு நாசாவின் ‘அன்றைய வானியல் படம்’. 1995 ஜூன் முதல் தினம் ஒரு படம், ஒரு பத்தி விளக்கம், அவ்வளவுதான். அது பிடித்துப்போனால், பொதுமக்களும் ஆய்வுகளுக்கு உதவக்கூடிய ஜூனிவர்ஸ் என்ற தளத்தின் பக்கம் போங்கள். அதன் முதல் திட்டமான கேலக்ஸி ஜூ 2007-இல் தொடங்கியது. விண்மீன் மண்டலங்களின் படங்களைப் பொதுமக்கள் பார்த்து வகைப்படுத்தித் தந்தார்கள். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஹானி வான் ஆர்கெல் என்ற நெதர்லாந்து ஆசிரியை ஒரு படத்தில் விசித்திரமான ஒளித்திட்டு இருப்பதைக் கவனித்துக் கேட்டார். அது வானியலாளர்கள் அதற்குமுன் அறியாத ஒரு பெரிய வாயு மேகம். இன்று அது அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. ஒரே படத்தைப் பலர் பார்ப்பதால் உங்கள் தவறு ஆய்வைக் கெடுக்காது, பயமில்லாமல் சேரலாம்.

ஏதாவது பொருள் பழுதானால் ஐஃபிக்ஸிட்டைப் பாருங்கள். படத்தோடு ஒவ்வொரு படியாகச் சொல்லும், எவ்வளவு கடினம், என்ன கருவி வேண்டும் என்பதும் முன்பே இருக்கும். மைக்ரோவேவை மட்டும் திறக்காதீர்கள். மின் இணைப்பைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தங்கியிருக்கலாம்.

அப்புறம், நம்பகத்தைக் கேட்டிருந்தீர்கள். தேடலில் மேலே ‘விளம்பரம்’ என்ற குறிப்போடு வரும் முடிவைத் தொடாதீர்கள். பெயரை ஓரெழுத்து மாற்றிய போலித் தளங்கள் அங்கே நுழைவதுண்டு. “அறிவிப்புகள் அனுப்பலாமா?” என்று எந்தத் தளம் கேட்டாலும் மறுத்துவிடுங்கள், நச்சரிப்பில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது. கணக்கு தொடங்க வேண்டியவற்றுக்கு வங்கி வேலைக்குப் பயன்படாத தனி மின்னஞ்சலும் தனிப் பாஸ்வேர்டும் வைத்துக்கொள்ளுங்கள். நான் சொன்ன எதற்கும் கார்டு எண்ணோ ஓடிபியோ கொடுக்காமலே இந்த வேலைகளைச் செய்ய முடியும். நன்கொடை கேட்கும் பெட்டி சிலவற்றில் வரும். அதை மூடிவிட்டுத் தாராளமாகத் தொடரலாம்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் திறக்க வேண்டாம். இந்த மாதத்துக்கு மெர்லினும் லிசெஸும் போதும். வீடியோ ஆப் இருக்கும் இடத்தில் இந்த இரண்டின் ஐகானையும் வைத்துவிட்டு, அதைக் கடைசித் திரைக்குத் தள்ளிவிடுங்கள்.